பால் ஆலையின் கார்பன் கணக்கு: கொங்குப் பக்கத்துச் சிறு கம்பெனிகள் எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், எதில் ஏமாறக் கூடாது

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் பால் ஆலை இருக்கிறது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் பால், பாலைக் குளிரவைக்கும் பல்க் மில்க் கூலர் மூன்று, ஒரு விறகு பாய்லர், ஐந்து வண்டி. எங்களிடம் பனீர் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு ஏப்ரல் மாதம் எக்செல் தாள் ஒன்று வந்தது. "உங்கள் பசுமைக்குடில் வாயு உமிழ்வு எவ்வளவு? ஸ்கோப் 1, 2, 3 தனித்தனியாக நிரப்பி 45 நாளில் அனுப்பவும். குறைக்கும் திட்டத்தையும் இணைக்கவும்." எனக்கு அதில் பாதி வார்த்தை புரியவில்லை.

ஏன் கேட்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அவர்கள் கணக்கு முழுமையாக வேண்டுமானால் சரக்குக் கொடுக்கும் நம்மிடம் வந்துதான் ஆக வேண்டும். தேங்காய்ப் பவுடர், தென்னை நார்க்கட்டி ஏற்றுமதி செய்யும் பொள்ளாச்சி நண்பர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து இதே மாதிரித் தாள் வருகிறது.

எனக்கு ஏழு மாதமும், உதவாத ஒரு அறிக்கைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாயும் போயின. நீங்கள் கீழே உள்ள வரிசையில் போனால் முதல் கணக்கை மூன்று மாதத்தில், பெரும்பாலும் சொந்த ஆட்களை வைத்தே முடித்துவிடலாம். நான் பாலை வைத்துச் சொல்கிறேன். அரிசி, மஞ்சள், கோழி, ஜவ்வரிசி ஆட்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

1. ஒரு வருஷத்தையும் ஒரு ஆளையும் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் முதல் மார்ச் வரையுள்ள ஒரு நிதியாண்டை அடிப்படை ஆண்டாக எடுங்கள். இனி வரும் எல்லா வருஷத்தையும் இதோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் கோமாரி பரவிப் பால் வரத்து பாதியான வருஷத்தையோ, புது மிஷின் போட்டு ஆறு மாதம் ஆலை நின்ற வருஷத்தையோ எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் அடுத்த வருஷம் ஆலை சாதாரணமாக ஓடினாலே உமிழ்வு கூடியதாகத் தெரியும்.

ஆள் யார் என்பதும் முக்கியம். நான் முதலில் பிளான்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவருக்கு மிஷின் தெரியும், பில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பிள்ளையிடம் மாற்றினேன், மூன்று வாரத்தில் முக்கால்வாசி முடிந்தது. இது முதலில் பில் சேர்க்கும் வேலை.

2. சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

பன்னிரண்டு மாதத்துக்கும் இவை வேண்டும்:

- கரண்டு பில், ஒவ்வொரு சர்வீஸ் நம்பருக்கும். ஊர்களில் உள்ள கூலர் சென்டர்களின் பில்லையும் மறக்காதீர்கள்.
- டீசல் பில், ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் தனியாக. வண்டி லாக் புத்தகம்.
- பாய்லர் விறகு, பிரிக்கெட் (கழிவை அழுத்திச் செய்த எரிகட்டி) வாங்கிய எடைமேடைச் சீட்டு.
- கூலருக்கும் குளிர் அறைக்கும் கேஸ் நிரப்பிய பில். எந்த கேஸ், எத்தனை கிலோ என்பது அதில் இருக்க வேண்டும்.
- சென்டர் வாரியாகப் பால் கொள்முதல், ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்).
- கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தினசரிப் பதிவு.
- வாடகை வண்டியில் சரக்கு அனுப்பியிருந்தால் கிலோமீட்டரும் எடையும்.

இதில் எங்கள் கை ஒடிந்தது கேஸ் பில்லில்தான். மெக்கானிக் "சர்வீஸ் சார்ஜ் கேஸுடன் சேர்த்து" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். எத்தனை கிலோ என்று அவருக்கும் நினைவில்லை. இன்றிலிருந்தே சொல்லி வையுங்கள்: சிலிண்டரை நிரப்புவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து, இரண்டு எடையையும் பில்லில் எழுதினால்தான் பணம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

3. கணக்குப் போடும் முறை

ஸ்கோப் 1 என்பது உங்கள் வளாகத்திலும் உங்கள் வண்டியிலும் நேரடியாக வெளியேறுவது: டீசல், பாய்லர், கேஸ் கசிவு, கழிவுநீர் மீத்தேன். ஸ்கோப் 2 வாங்கும் கரண்டு. ஸ்கோப் 3 உங்கள் வேலிக்கு வெளியே உங்களுக்காக நடப்பது: மாடு, தீவனம், வாடகை லாரி, பாக்கெட் பிளாஸ்டிக்.

எல்லா வாயுவையும் கரியமில வாயுவின் எடைக்கு மாற்றி டன்னில் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாம் அறிக்கைப்படி நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், நைட்ரஸ் ஆக்சைடு 265. ஆறாம் அறிக்கையில் இந்த எண்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. வாங்கும் கம்பெனி எந்த அறிக்கையைப் பின்பற்றுகிறது என்று கேட்டு, அதையே எல்லா வரிக்கும் போடுங்கள். ஒரு வரிக்கு ஒன்று, அடுத்த வரிக்கு வேறொன்று போட்டால் தாள் திரும்பி வரும். எங்களுடையது வந்தது.

டீசல் ஒரு லிட்டர் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு. கரண்டுக்கு மத்திய மின்சார ஆணையம் வருஷாவருஷம் வெளியிடும் எண்ணை எடுக்க வேண்டும். சமீப வருஷங்களில் அது யூனிட்டுக்கு 0.71 முதல் 0.73 கிலோ வரை இருக்கிறது.

எங்கள் அடிப்படை ஆண்டின் கணக்கை அப்படியே தருகிறேன், உங்களுடையதை ஒப்பிட்டுக்கொள்ள உதவும். கரண்டு மாதம் சுமார் 24,000 யூனிட், வருஷத்துக்கு 207 டன். டீசல் மாதம் 1,900 லிட்டர், வருஷத்துக்கு 61 டன். கூலர் கேஸ் ஆர்-404ஏ அந்த வருஷம் 14 கிலோ நிரப்பினோம், 55 டன். மாடுகளின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேன் மட்டும் 2,030 டன்.

மாட்டுக் கணக்கு இப்படி வந்தது: லிட்டரை வைத்துப் பார்த்தால் எங்களுக்குக் கறவையில் உள்ள மாடு சுமார் 1,250, ஒரு மாட்டுக்கு சராசரி எட்டு லிட்டர். இந்தியத் துணைக்கண்டத்துக் கறவை மாட்டுக்கு 2006 ஐபிசிசி வழிகாட்டி தரும் எண் வருஷத்துக்கு 58 கிலோ மீத்தேன். 58-ஐ 28-ஆல் பெருக்கினால் ஒரு மாட்டுக்கு 1,624 கிலோ. வறட்டு மாடு, கிடேரி, தீவனம் விளைவிப்பது எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும்.

அந்த லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் அறிக்கையில் ஐரோப்பிய மாட்டின் எண்ணைப் போட்டிருந்தார்கள். கேஸ் வரியே இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆலோசகரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மாட்டுக்கு எந்த எண் போடுவீர்கள், குளிரூட்டும் கேஸை எப்படிக் கணக்கிடுவீர்கள்? இரண்டுக்கும் உடனே பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இரண்டு நுணுக்கம். பழைய கூலரில் ஆர்-22 இருந்தால் அதை ஸ்கோப் 1-க்குள் கூட்டாமல் தனி வரியாகக் காட்ட வேண்டும், அது ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வரும் கேஸ். விறகு எரியும்போது வரும் கரியமில வாயுவும் தனி வரிதான். விறகின் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் ஸ்கோப் 1-இல் சேரும். "விறகுதானே, பூஜ்யம்" என்று விட்டுவிடாதீர்கள். விறகு எங்கிருந்து வந்தது என்பதற்கும் சீட்டு கேட்பார்கள். சீமைக்கருவேலம், கடலைத்தொட்டி பிரிக்கெட் என்றால் பிரச்சினை இல்லை. லோடில் பனை இருந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

4. முதலில் கேஸ் கசிவை நிறுத்துங்கள்

எல்லோரும் முதலில் சோலாரைத்தான் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். ஆனால் தாளைப் பாருங்கள்: பத்துக் கிலோ ஆர்-404ஏ காற்றில் போனால் 39 டன். அது 14,700 லிட்டர் டீசலை எரிப்பதற்குச் சமம். ஒரு மெக்கானிக் டி.வி.எஸ். வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டுவரும் சிலிண்டருக்குள் எங்கள் எட்டு மாத டீசல் இருக்கிறது.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து வரும். செம்புக் குழாயில் நட்டு சேரும் இடத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை படிந்து, அதில் தூசி ஒட்டியிருக்கும். எங்கள் மூன்றாவது கூலரில் ஜெனரேட்டர் பக்கத்துச் சுவரை ஒட்டிய நட்டில் அப்படி ஒரு கறை, கட்டைவிரல் அளவு. அதன் மேல் சோப்பு நுரை தடவியதும் ஊசிமுனை அளவில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் அந்தக் குழாய் அதிர்ந்து நட்டு தளர்ந்திருக்கிறது. இரண்டு வருஷமாக மே மாதமானால் "கேஸ் குறைஞ்சு போச்சுங்க" என்று நிரப்பிக்கொண்டிருந்தோம்.

செய்ய வேண்டியவை: கையில் பிடிக்கும் கசிவு காட்டும் கருவி ஒன்று வாங்குங்கள், எங்களுக்குப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. மாதம் ஒருமுறை எல்லா இணைப்பிலும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். நட்டுப் போட்ட இணைப்புகளில் முடிந்தவற்றை பிரேசிங் செய்து (பற்றவைத்து) மூடுங்கள். குழாய்க்கு கிளாம்பும் ரப்பரும் போடுங்கள். ரிப்பேருக்குப் பிறகு நைட்ரஜன் ஏற்றி ஒருநாள் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்காமல் கேஸ் நிரப்ப விடாதீர்கள். மூன்று கூலருக்கும் சேர்த்து எங்களுக்கு 38,000 ரூபாய் ஆனது. அடுத்த வருஷம் நிரப்பியது 3 கிலோ. 43 டன் குறைந்தது.

புதுக் கூலர் வாங்குவதாக இருந்தால் எந்த கேஸ் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு கிலோ கேஸ் எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்ற கணக்கில் ஆர்-134ஏ-வின் எண் 1,300, ஆர்-404ஏ-வின் எண் 3,943, ஆர்-290 என்ற புரோப்பேன் வெறும் 3 அளவு. புரோப்பேன் தீப்பிடிக்கும் என்பதால் அது தெரிந்த மெக்கானிக்கும் காற்றோட்டமான இடமும் வேண்டும். பெரிய ஆலைக்கு அம்மோனியா, அதன் எண் பூஜ்யம், ஆனால் பாதுகாப்பு ஏற்பாட்டில் சமரசம் கூடாது. ஆர்-22 புதிதாக வேண்டவே வேண்டாம், இந்தியா 2030-க்குள் அதை நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறது.

5. பால் வீணாவது, நீராவி, கரண்டு

நூறு லிட்டர் பால் சாக்கடைக்குப் போனால் பன்னிரண்டு மாட்டின் ஒருநாள் உழைப்பும் அவை விட்ட மீத்தேனும் சேர்ந்து போகிறது. எங்கள் நஷ்டம் கொள்முதலில் ஒரு சதவீதம், அதாவது தினமும் அந்த நூறு லிட்டர். கேன் கவிழ்க்கும் இடம், பாக்கெட் மிஷின், குழாய் கழுவும் முதல் தண்ணீர் ஆகிய மூன்று இடத்தில் மட்டும் கவனித்துப் பாதியாக்கினோம். பனீர் தண்ணீரைக் கழிவுநீர்த் தொட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தோம், தொட்டி நாறியது. காற்றில்லாமல் அழுகும் தொட்டியிலிருந்து வருவது மீத்தேன். இப்போது அந்தத் தண்ணீரை அன்றன்றே பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்குக் கொடுக்கிறோம். புளிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், அளவோடு குடிக்கவிட வேண்டும்.

பாய்லருக்குப் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடினால் விறகு ஒரு சதவீதம் மிச்சம். நீராவி குளிர்ந்து திரும்பும் சுடுதண்ணீரை நாங்கள் வெளியே விட்டுக்கொண்டிருந்தோம். அதைத் தொட்டிக்குத் திருப்பியதும் 28 டிகிரியிலிருந்த தண்ணீர் 64 ஆனது. வெறும் குழாய்க்கு இன்சுலேஷன் போடுங்கள். நீராவியை விடாமல் குளிர்ந்த தண்ணீரை மட்டும் வெளியேற்றும் ட்ராப்களை மாதம் ஒருமுறை பாருங்கள். பாய்லர் எரிபொருளை மாற்றினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கூலர் கம்ப்ரசரின் சூட்டைக் காற்றில் விடாமல் தண்ணீரில் பிடித்தால் கேன் கழுவவும் குழாய் கழுவவும் சுடுதண்ணீர் இலவசம். கண்டென்சர் தகடுகளை வாரம் ஒருமுறை கழுவுங்கள், எங்கள் பக்கத்துச் செம்மண் தூசிக்கு மாதம் ஒருமுறை போதாது. ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு என்றால் உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் உண்டு. குளிர்ச்சியை ஐஸாகச் சேமிக்கும் ஐஸ் பேங்க் இருப்பவர்கள் அந்த நேரத்துக்கு முன்பே ஐஸ் கட்டிக்கொள்ளலாம். அது பணத்துக்குத்தான் உதவும், யூனிட் அதிகம் குறையாது.

6. சோலார்

நல்லதுதான், செய்யுங்கள், ஆனால் மேலே உள்ளவை முடிந்த பிறகு. யூனிட் குறைந்த பின் போட்டால் சின்ன சிஸ்டமே போதும்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி, நாளுக்கு நாலு யூனிட் என்று வையுங்கள். எங்கள் 60 கிலோவாட்டுக்கு 27 லட்சம் ஆனது. வருஷத்துக்கு 87,000 யூனிட், 62 டன்னுக்கு மேல் மிச்சம். யூனிட் ஏழரை ரூபாய் வீதம் பார்த்தால் நாலு வருஷத்தில் போட்ட பணம் வரும். வருமான வரியில் 40 சதவீதத் தேய்மானமும் எடுக்கலாம், ஆடிட்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

பொறிகள்: தகரக் கூரை தாங்குமா என்று இன்ஜினியர் சான்று வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள். வீட்டு இணைப்புக்கான சோலார் விதியைச் சொல்லித் தொழில் இணைப்புக்கு விற்பார்கள், இரண்டுக்கும் விதி வேறு. உங்கள் கட்டணப் பிரிவுக்கு மீட்டர் எப்படி, நெட்வொர்க் கட்டணம் உண்டா என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எங்களுக்குப் பேனல் மாட்டப் பதினெட்டு நாள், மீட்டரும் அனுமதியும் வர நாலரை மாதம். பேங்க் தவணை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. தவணை தொடங்கும் தேதியை மீட்டர் பொருத்தும் நாளோடு இணைத்து எழுதச் சொல்லுங்கள்.

7. மாடும் தோட்டமும்

மொத்தத்தில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. கை வைக்கப் பயமாகவும் இருக்கும், ஏனென்றால் மாடு நம்முடையது இல்லை.

வெள்ளகோவில் பக்கம் ஒரு ஊரில் கணக்கெடுக்கப் போனபோது, ரெண்டு மாடு வைத்திருக்கும் ஒரு ஆத்தா கேட்டார்: "ஏனுங் சாமி, மாடு ஏப்பம் உடறதுக்குக் கூடவா கணக்கு எழுதறீங்க?"

"ஆமாங்க ஆத்தா. தீனி சரியா சேராம போனா, அது பாலாகாம காத்தாப் போகுது. அதத்தான் எழுதறோம்."

"எழுதிப்போட்டு, என்ற பாலுக்கு வெலையக் கொறைக்கறதுக்கா?"

அந்தக் கேள்வி நியாயமானது. அன்றைக்கே திரும்பி வந்து, "இந்தக் கணக்கை வைத்து யாருடைய பால் விலையையும் குறைக்க மாட்டோம்" என்று கம்பெனி தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லா சென்டரிலும் ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் சரியான விவரம் வந்தது. இதைச் செய்யாமல் தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள்.

கணக்கெடுப்பு: எங்களுக்குப் பால் ஊற்றுவது 640 குடும்பம். எல்லா வீட்டுக்கும் போக வேண்டாம். ஊர் வாரியாக அறுபது வீடு எடுத்தோம். கறவை எத்தனை, வறட்டு எத்தனை, கன்று எத்தனை, என்ன இனம், என்ன தீனி, சாணம் என்னவாகிறது. இரண்டு பேர் மூன்று வாரம். பச்சைத் தீவனத்துக்குப் பாயும் தண்ணீருக்கு மீட்டர் பில் கிடைக்காது, விவசாய கரண்டு இலவசம். மோட்டார் ஹெச்.பி.யை 0.746-ஆல் பெருக்கி, ஓடிய மணி நேரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தீனி: வெறும் சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் தின்னும் மாட்டுக்கு எரிசக்தி, புரதம், தாது உப்பு ஒன்றோடொன்று சேராது. தேசிய பால்வள வாரியத்தின் சமச்சீர் தீவன முறையைக் கற்ற ஒரு ஆளை சென்டருக்கு அனுப்பி, மாட்டின் எடை, பால் அளவு, வீட்டில் உள்ள தீனி ஆகியவற்றை வைத்துப் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கம்பு நேப்பியரோடு வேலிமசாலோ அகத்தியோ சேர்த்தால் புண்ணாக்குச் செலவும் குறையும். விதையும் கரணையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். தாது உப்புக் கலவையைப் பால் பணத்தில் பிடித்தம் செய்யாமல் முதல் மூன்று மாதம் இலவசமாகக் கொடுத்தோம், பலனைப் பார்த்தவர்கள் நாலாம் மாதம் கேட்டு வாங்கினார்கள்.

சினை: மாடு கறந்தாலும் வறண்டு நின்றாலும் தின்கிறது, மீத்தேன் விடுகிறது. கன்று போட்டு அடுத்த சினை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பாலில்லாத உமிழ்வு. சினை ஊசி போடுபவர் கூப்பிட்ட அன்றே வர ஏற்பாடு செய்தது எங்கள் எல்லா வேலையிலும் விவசாயிகளுக்கு அதிகம் பிடித்தது.

மீத்தேன் குறைக்கும் தீவனப் பொடி விற்க வருவார்கள். பெங்களூரில் உள்ள, இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் (ஐசிஏஆர்) கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ஹரித் தாரா என்ற பொடியை உருவாக்கி, 17 முதல் 20 சதவீதம் மீத்தேன் குறைவதாகச் சொல்லியிருக்கிறது. வேறு எந்தப் பொடியானாலும் நம் நாட்டு மாட்டில், நம் தீனியில் செய்த சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

சாணம்: மூன்று நாலு மாடு, தினம் 50 கிலோ சாணம் இருந்தால் இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் ஓடும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 0.9 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: நம் பக்கம் சாணத்தைக் காய்ந்த குப்பைமேடாகப் போடுகிறார்கள், அதில் மீத்தேன் குறைவு. கலன் வைத்தால் மீத்தேன் உண்டாக்குகிறோம், அதை அடுப்பில் எரிக்கிறோம். எரிக்காமல் கசியவிட்டால் குப்பைமேட்டை விட மோசமாகிவிடும். அதனால் தினமும் சமைக்கிற வீட்டுக்கு, சாணம் குறையாத வீட்டுக்கு மட்டும் வையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிக் குழியில் தேக்கும் பெரிய பண்ணைக்கு முதலில் வையுங்கள், அங்கேதான் உண்மையான குறைப்பு.

கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில், மேயும் காங்கேயம் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லிட்டர் கணக்கில் போட்டால் அந்த மாடு மோசமாகத் தெரியும், பால் குறைவு. ஆனால் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் நிழலுமாக, யூரியாவும் மோட்டாரும் இல்லாமல் நிற்கிற மாடு அது. அந்த வீடுகளைத் தனி வரியில் காட்டி, லிட்டர் கணக்கோடு ஏக்கர் கணக்கையும் எழுதுங்கள். கொரங்காட்டு மண்ணில் கார்பன் சேர்கிறது என்று மண் சோதனை இல்லாமல் மட்டும் எழுத வேண்டாம்.

8. கார்பன் கிரெடிட் ஏஜென்ட் வந்தால்

கையெழுத்துப் போடாதீர்கள், நிதானமாகப் படியுங்கள். உங்கள் விவசாயிகளின் குறைப்பை இன்னொருவருக்கு கிரெடிட்டாக விற்றுவிட்டால், அதே டன்னை உங்கள் கணக்கிலும் உங்கள் பனீரை வாங்கும் கம்பெனியின் கணக்கிலும் குறைப்பாகக் காட்ட முடியாது. எங்களிடம் வந்த ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு. விவசாயிக்குப் பங்கு எத்தனை என்ற இடம் காலியாக இருந்தது. பதிவு, சரிபார்ப்புச் செலவு யார் தருவது, நடுவில் விலகினால் என்ன, தகராறு எந்த ஊர் கோர்ட்டில் என்ற மூன்றையும் பாருங்கள். தமிழில் ஒப்பந்தம் தராதவரை ஊருக்குள் அழைத்துப் போகாதீர்கள்.

9. பணம் எங்கே கிடைக்கும்

உத்யம் பதிவு முதலில். அது இலவசம், காசு கேட்பவர் ஏஜென்ட். குறு உணவுத் தொழிலுக்கு பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீதம், பத்து லட்சம் வரை மானியம். பால் பதப்படுத்தலுக்குக் கால்நடை உள்கட்டமைப்பு நிதியில் 3 சதவீத வட்டிச் சலுகை. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி வரை 3 சதவீதம். எரிசக்தித் திறன் அமைப்பான பீஇஇ 2025-இல் தொடங்கிய அடீட்டி திட்டத்தில் குறு, சிறு கம்பெனிக்கு 5 சதவீதம், நடுத்தரத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் தொழிலும் ஊரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் திட்டத்துக்கும் காலக்கெடு உண்டு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆர்டர் போடுவதற்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். மிஷின் வாங்கிய பிறகு போய் நின்று எங்களுக்கு ஒன்று கைவிட்டுப் போனது.

கேட்கும் ஆவணங்கள்: மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி, இசைவாணை, உணவுப் பாதுகாப்பு உரிமம், நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், மூன்று கொட்டேஷன், எரிசக்தித் தணிக்கை அறிக்கை.

10. பால் அல்லாத தொழிலுக்கு

அரிசி ஆலைக்குப் பெரிய பங்கு தண்ணீர் தேங்கிய வயலின் மீத்தேன். கீழ்பவானி, காலிங்கராயன் பாசன நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடச் சொல்லி, வயலில் துளையிட்ட குழாய் நட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பதிவு செய்யுங்கள். மஞ்சள், கரும்பு வாங்குபவர்கள் உரத்தைப் பாருங்கள்: ஒரு 45 கிலோ யூரியா மூட்டை வயலில் போட்ட பிறகு நைட்ரஸ் ஆக்சைடாக வெளிவருவது மட்டும் சுமார் 86 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஜவ்வரிசி ஆலைக்குக் கழிவுநீர். சேலம் பக்கம் பலர் அதில் எரிவாயு எடுத்து ஆலைக்கே பயன்படுத்துகிறார்கள், ஒருநாள் போய்ப் பாருங்கள். கோழிப் பண்ணைக்கு எச்சம். நாமக்கல் புதுச்சத்திரத்தில் அதிலிருந்து அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு எடுக்கும் ஆலை இருக்கிறது.

11. தாளை அனுப்பும்போது

ஆலையின் எரிசக்தி உமிழ்வையும் தோட்டத்து உமிழ்வையும் ஒரே வரியில் கூட்டாதீர்கள். பெரிய கம்பெனிகள் நிலம், விவசாயத்துக்குத் தனி இலக்கு வைத்திருக்கின்றன, பிரித்துத்தான் கேட்பார்கள். மொத்த டன், லிட்டருக்கு எத்தனை என்ற இரண்டையும் கொடுங்கள். தீனி சரியானால் லிட்டர் கணக்கு இறங்கும், கொள்முதல் கூடினால் மொத்தம் ஏறும். அதை மறைக்காமல் எழுதுங்கள்.

எந்த எண்ணை அளந்தீர்கள், எதை மதிப்பிட்டீர்கள் என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். எங்கள் முதல் தாளில் கேஸ் வரி பாதி மதிப்பீடு, அதை அப்படியே சொன்னோம், ஏற்றுக்கொண்டார்கள். "மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம்" என்று அவர்கள் நிரப்பி அனுப்பிய உறுதிமொழியில் மட்டும் கையெழுத்துப் போடாமல் இரண்டு மாதம் அவகாசம் கேட்டோம். தீவன ஆளின் சம்பளம், தாது உப்பு, சினை ஊசி ஏற்பாடு எல்லாம் சேர்த்து லிட்டருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதில் பாதியை நீங்கள் ஏற்றால் செய்கிறோம் என்று எழுதினோம். லிட்டருக்கு நாற்பது காசு கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். அந்த நாற்பது காசு தனிக் கணக்கில் போய், மாதம் பத்தாம் தேதி சென்டர் வாரியாகப் பிரிகிறது. பட்டியல் சென்டர் சுவரில், பால் விலையைக் குறைக்க மாட்டோம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளுக்குப் பக்கத்தில் ஒட்டப்படுகிறது.